ஹராயமா வீட்டு மிசோ

தொகுஜியிடம் போய், “இன்னிக்கு வெயில் நல்லா அடிக்குதுங்க” என்று சொன்னால் போதும், முதலில் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு சொன்னவன் முகத்தைப் பார்ப்பார், இதைச் சொல்லவா இவன் இவ்வளவு தூரம் வந்தான் என்று. அப்புறம்தான் “ம்” என்பார். அப்படி ஒரு பிறவி.

ஒன்று சொல்ல வேண்டும், அந்தச் சந்தேகம்தான் அவருக்குச் சோறு போட்டது. இனா பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகிற ரயில் பாதையில் அவர் தண்டவாளக் காவலர். நீளப் பிடி போட்ட சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பனியிலும் மழையிலும் நடப்பார். ஒவ்வொரு மரையாணியாகத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். பார்வைக்கு எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும், தட்டினால்தான் எது பொய் சொல்கிறது என்று தெரியும் என்பார். அவர் காவல் காத்த பாதையில் ஒரு பெட்டிகூடத் தடம் புரண்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோது சுத்தியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், காதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அதோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பாவம் கிகுனோ.

கிகுனோ அவர் மனைவி. அவருக்கு எவ்வளவு முறைப்போ அவளுக்கு அவ்வளவு சிரிப்பு. மகளை நகோயாவில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குக் கட்டடம் கட்டப் போனவன், ஒலிம்பிக் முடிந்தும் திரும்பவில்லை. ஆக வீட்டில் இரண்டே பேர். சந்தேகப்பட ஆள் குறைந்தால் சந்தேகம் குறையுமா? இருக்கிற ஒருத்தி மேல் மொத்தமாக இறங்கியது.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பெயரும் உண்டு. யாசுஹெய். ஊருக்கெல்லாம் கோஜி செய்து கொடுப்பவர். அவித்த அரிசியில் வெள்ளை வெளேரென்று பூசணம் படரவிட்டு அவர் செய்கிற அந்தக் கோஜியைக் கலக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலும் அவித்த சோயா மிசோவாக, அதாவது சாறு வைக்கிற விழுதாக, மாறாது. இளவட்டமாக இருந்த காலத்தில், ஓபோன் திருவிழா நடனத்தன்று, இந்த யாசுஹெய் கிகுனோவை ஓரமாகக் கூப்பிட்டு, “தினமும் காலையில உன் கையால மிசோ சாறு குடிக்கணும்னு ஆசையா இருக்கு” என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கிகுனோ சிரித்துக்கொண்டே, “உங்க வீட்டு மிசோ ரொம்ப இனிப்பு, எனக்கு ஒத்துக்காது” என்று சொல்லிவிட்டு நடன வட்டத்துக்குள் ஓடிப்போனாள். அவ்வளவுதான் கதை. அடுத்த வருஷமே தரகர் மூலமாகத் தொகுஜிக்கு வாழ்க்கைப்பட்டாள். யாசுஹெய்யும் வேறொருத்தியைக் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, கடைசியில் அவளையும் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஊரே அந்தப் பழைய கதையை மறந்துவிட்டது. தொகுஜி மறப்பாரா?

“இனிப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்? எப்ப குடிச்ச?” என்று கல்யாணமான புதிதில் ஆரம்பித்தார்.

“ஊருக்கே தெரியுங்க. வாய்க்கால் வேலை அன்னிக்கு எல்லாரும்தானே குடிக்கிறோம்.”

“எல்லாரும்தான் குடிக்கிறோம். ஆனா நீ ஞாபகம் வச்சிருக்க.”

கிகுனோ சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவர் அடுத்த நாள் பூராவும் யோசிப்பார். தலை நரைத்த பிறகும் இது நிற்கவில்லை.

மிசோ பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பட்டணத்துக் கடைகளில் பொட்டலத்தின் மேல் சிவப்பு, வெள்ளை, அந்த ஊர், இந்த ஊர் என்று விதவிதமாகப் பெயர் போட்டு விற்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. எங்கள் ஊரில் வீட்டுப் பெயர்தான் மிசோவின் பெயர். ஒரே வயலின் சோயா, ஒரே யாசுஹெய்யின் கோஜி, ஒரே கடையின் உப்பு. ஆனாலும் ஒரு வீட்டு மிசோ ஒரு மாதிரி, அடுத்த வீட்டு மிசோ வேறு மாதிரி. எவனாவது தற்பெருமை அடித்தால், “தன் வீட்டு மிசோவை அளக்கிறான் பாரு” என்பார்கள். ஹராயமா வீட்டு மிசோ, அதாவது தொகுஜியின் மிசோ, மூன்று வருஷம் மரப்பீப்பாயில் கல்லைச் சுமந்துகொண்டு கிடக்கும். கருத்து, உப்புக் கரித்து, கடைசியில் லேசாகக் கசக்கும். மனுஷன் மாதிரியே இருக்கு என்று ஊரில் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள். பீப்பாயில் மிசோ கெட்டுப்போனால் அந்த வீட்டுத் தலைவன் பிழைக்க மாட்டான். இதைத் தொகுஜி உயிராக நம்பினார். எதையும் நம்பாத மனுஷன் இதை மட்டும் நம்பினார், அதுதான் வேடிக்கை. கிகுனோ நம்பவில்லை. அவள் பிறந்த வீட்டில் ஒரு வருஷம் மிசோ புழுத்து நாறிப்போனது. அண்ணன் பூசாரியைக் கூப்பிட ஓடினான். கிகுனோ போய் எல்லாவற்றையும் வாரி எருக்குழியில் கொட்டிவிட்டு, பீப்பாயைத் தேய்த்துக் கழுவி முள்ளங்கி ஊறுகாய் போட்டு வைத்தாள். “மிசோ கெட்டா மிசோதான் கெடும், மனுஷன் ஏன் சாகணும்?” என்றாள். அவள் அப்பா அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்து, பல்லெல்லாம் போன பிறகு அந்த ஊறுகாயைச் சப்பிக்கொண்டே காலம் தள்ளினார்.

இப்படியிருக்க, ஒரு வருஷம் பீப்பாயில் மிசோ மட்டம் இறங்கியிருப்பதாகத் தொகுஜிக்குத் தோன்றியது. மிசோ ஊற ஊறத் தானாகவே அமுங்கும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. இனா டவுனுக்குப் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்து மிசோ அறைக் கதவில் தொங்கவிட்டார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மிசோவுக்குப் பூட்டுப் போட்ட முதல் ஆள் நீதானய்யா என்று தோமெ தெருவில் நின்று கத்தினாள். தோமெ அடுத்த வீட்டுக்காரி, ஓட்டை வாய், ஆனால் நல்ல மனசு. சாவியைத் தொகுஜி கோவில் தாயத்தோடு ஒரு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சமையலுக்கு வேண்டியதை அவரே எடுத்து ஒரு ஜாடியில் வைத்துக் கொடுப்பார்.

அந்த வசந்த காலத்தில் அவருக்கு வயிற்று வலி வந்தது. சாப்பிட்டதெல்லாம் திரும்பி வந்தது. மட்சுமோட்டோவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண் என்றார்கள், வயிற்றில் பாதிக்கு மேல் அறுத்து எடுத்தார்கள். ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும்போது நர்ஸ் கழுத்துப் பையைக் கழற்றப் பார்த்தாள். விடுவாரா? “உங்க கைய விட்டு வேற யார் கைக்கும் போகாதுன்னு சொல்லுங்க, அப்பதான் தருவேன்” என்று படுத்தபடியே பேரம் பேசினார். கண் விழித்ததும் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை, பைதான். கிகுனோ கூடவே தங்கிக் கவனித்துக்கொண்டாள். மழைக்காலத்தின் நடுவில் மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு ஒரு தடவை போய்வந்தாள், அவ்வளவுதான்.

கோடையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இளைத்துத் துரும்பாகியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு மிசோ அறைக்குப் போனார். பூட்டு அப்படியே தொங்கியது. சாவியைப் போட்டார், திறந்தது. உள்ளே நுழைந்ததுமே மூக்கு வேர்த்தது.

மூடிமேல் கற்கள் இருந்தன. ஆனால் அவர் அடுக்கிய மாதிரி இல்லை. தட்டைக் கல் அடியிலும் உருண்டைக் கல் மேலுமாக வைப்பது அவர் வழக்கம். இப்போது உருண்டை அடியில் ஆடிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினார். மட்டம் நாலு விரல் இறங்கியிருந்தது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். உப்பு இருந்தது, கருப்பும் ஓரளவு இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், ஒளிந்துகொண்டு, ஒரு இனிப்பு.

கோஜியை அள்ளிப் போட்டால்தான் அந்த இனிப்பு வரும். ஊரில் கோஜியை அள்ளிப் போடுகிற வீடு ஒன்றுதான்.

பூட்டு உடையவில்லை, சாவி கழுத்தில். அப்புறம் எப்படி? கதவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கீலில் இருந்த ஆணிகள் புதுசு, பளபளவென்று மின்னின. சுற்றிலும் மரத்தில் சுத்தியல் பட்ட தழும்புகள். எல்லாம் இடது பக்கமிருந்து சரிந்து விழுந்திருந்தன. வாழ்நாள் பூராவும் சுத்தியல் பிடித்தவருக்கு இது தெரியாதா? அடித்தவன் இடதுகைக்காரன். யாசுஹெய் ஷோகி என்கிற எங்கள் சதுரங்கத்தில் காயை நகர்த்துவதுகூட இடது கையால்தான். தொகுஜி அங்கேயே பீப்பாய் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷன் தழும்பு இழுத்து வலித்தது. அதைவிட மேலே ஒரு இடம் வலித்தது.

மறுநாள் காலையில் சாற்றைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“சாறு இனிக்குது.”

கிகுனோவின் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. “வயித்த அறுத்தா கொஞ்ச நாளைக்கு நாக்கு மாறும்னு டாக்டர் சொன்னாருங்க.”

“எந்த டாக்டர்?”

“பெரியவர்தான்.”

“எப்ப சொன்னார்? நான் எங்க இருந்தேன் அப்ப?”

“நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. ஆறிப்போகுது, குடிங்களேன்.”

சிரிக்கவில்லை அவள். அதைக் கவனித்தார். எப்போதும் சிரித்து மழுப்புகிறவள் இன்றைக்குச் சிரிக்காமல் மழுப்பினாள். நான் தூங்கும்போது இவளும் டாக்டரும் பேசிக்கொள்ள என் நாக்கைத் தவிர வேறு விஷயமே இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டார். துணி எடுக்கப் போகிறேன் என்று ஊருக்குப் போனாளே, அன்றைக்கு என்ன நடந்தது? கதவைக் கழற்றியிருக்கிறான் ஒருத்தன். பூட்டிய அறைக்குள் இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். என் மிசோவை அவனுக்குக் கொடுத்து, அவன் மிசோவைக் கொண்டுவந்து போட்டு, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அவன் கேட்ட சாற்றை என் அடுப்பிலேயே வைத்து, அதை என்னையே குடிக்க வைக்கிறாளா? என்ன நெஞ்சழுத்தம்!

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? அவருக்கு வரவில்லை. அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க எல்லாமே கோணலாகத் தெரிந்தது. தோமெ முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். தோமெ வீட்டு முட்டை வேலி தாண்டியதாகச் சரித்திரமே கிடையாது. கொடுத்தவள் கேலியாக ஒரு வார்த்தை பேச வேண்டுமே? “உடம்பப் பாத்துக்கங்க அண்ணே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணனாம்! பூட்டுக்காரா என்று கூப்பிட்ட வாய். தெருவில் எதிரே வந்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள். பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டிருப்பார்கள், இவர் தலை தெரிந்ததும் பேச்சு நிற்கும். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது என்று உள்ளுக்குள் வெந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே யாசுஹெய் ஒரு மாலை ஷோகிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஆட்டத்தில் யாசுஹெய் இரக்கமே காட்டாத ஆள். பிள்ளைகளிடம்கூடத் தோற்கமாட்டார். அன்றைக்கு, தொகுஜியின் ராஜாவை மடக்க வழி வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, கண்ணெதிரே அதை விட்டுவிட்டு மூலையில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். தள்ளிவிட்டு, “அடடா, தோத்துட்டேனே” என்று பின்மண்டையைத் தடவினார்.

தொகுஜி பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “ஏன் தோத்த?”

“நீ நல்லா ஆடுன, அதான்.”

“நான் நல்லா ஆடல.”

யாசுஹெய் காய்களைப் பெட்டியில் போட்டார். கிகுனோ தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்குப் பட்ட பாட்டைத் தொகுஜி பார்த்தார். பிறன் வீட்டைக் கெடுத்தவனுக்குத்தான் இப்படி விட்டுக்கொடுத்து ஆடத் தோன்றும். அன்றைக்கே முடிவு கட்டினார். இலையுதிர்காலத்து வாய்க்கால் வேலையன்று ஊர் நடுவில் வைத்துக் கேட்டுவிடுவது. உண்மை என்றால் நகோயாவில் மகள் வீட்டுக்கு வண்டி ஏறிவிடுவது. கிகுனோ யாருக்கு வேண்டுமானாலும் சாறு வைத்துக்கொள்ளட்டும். முடிவு எடுத்த பிறகு தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். இவள் இல்லாமல் அந்த மகள் வீட்டில் போய் நான் யாரைத்தான் சந்தேகப்படுவது என்று நினைத்து, அவள் பக்கமாகப் புரண்டு படுத்தார்.

வாய்க்கால் வேலை எங்கள் ஊரில் அறுப்பு முடிந்து நடக்கும். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து சேறு எடுப்பார்கள். மத்தியானம் கோவில் முற்றத்தில் பெரிய பானையில் முள்ளங்கி, சேம்பு எல்லாம் போட்டு மிசோ சாறு கொதிக்கும். மிசோ ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டு முறை. முறை வந்த வீட்டுக்காரரைக் கடித்துக் குதறுவதுதான் அன்றைய விருந்தே. யாசுஹெய் வீட்டு முறையன்று, “பச்சப்புள்ளைக்குப் புகட்டவா காய்ச்சின?” என்பார்கள். தோமெ வீட்டு முறையன்று, “மலை ஊர்ல கடல் தண்ணி எப்படிக் கிடைச்சுது தோமெ?” என்பார்கள். திட்டு வாங்கினவர் சும்மா இருக்கக் கூடாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். திட்டாமல் குடித்தால்தான் அவமரியாதை.

அந்த வருஷம் ஹராயமா வீட்டு முறை. தொகுஜியைச் சேற்றில் இறங்கவிடவில்லை, மரத்தடியில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சாறு கொதித்தது. கிண்ணங்கள் கைமாறின. எல்லாரும் ஒரு வாய் உறிஞ்சினார்கள். தொகுஜி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். தார் எண்ணெய் மாதிரி இருக்கு என்பார்கள், தண்டவாளத்துக்குப் பூசறதா என்பார்கள், வருஷா வருஷம் கேட்டதுதான்.

“நல்லா இருக்குண்ணே” என்றான் ஒருவன்.

“ஆமா, அருமை” என்றான் இன்னொருவன், கிண்ணத்தைவிட்டுத் தலையை நிமிர்த்தாமல்.

“ஹராயமா வீட்டு மிசோன்னா சும்மாவா” என்றார் யாசுஹெய்.

தொகுஜி எழுந்து நின்றார். கிண்ணத்தில் இருந்த சாற்றைத் தரையில் கொட்டினார். “போதும்யா! இத்தன வருஷத்துல என் மிசோவ ஒரு நாய்கூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. இன்னிக்கு எல்லாருக்கும் தேனா இனிக்குதோ? இனிக்கத்தான் செய்யும். யாசுஹெய், இது உன் வீட்டு மிசோ. என் அறைக் கதவக் கழட்டி, என் பீப்பாய்ல நீ கொண்டாந்து போட்டது. ஆணி அடிச்ச கை உன் இடது கை. இல்லன்னு சொல்லு பாப்போம்!”

யாசுஹெய் முகத்தில் ஈயாடவில்லை. “கழட்டினது நான்தான்” என்றார் மெல்ல.

“கேட்டுக்கங்க எல்லாரும்! இவளும் கூட இருந்தாளா?”

“இருந்தாங்க.”

கிகுனோ பானை அருகே அகப்பையோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “வீட்டுக்குப் போய்ப் பேசலாங்க” என்றாள்.

“எந்த வீட்டுக்கு? அவன் வீட்டுக்கா?”

இந்த இடத்தில்தான் தோமெக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததே அவளுக்குப் பெரிய தவம். கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “அட பூட்டுக்காரா! புத்தி கெட்ட மனுஷா! யாசுஹெய் கொண்டாந்தது ஒரு வாளிதான்யா. நான் ஒரு வாளி கொண்டாந்தேன். இந்தா நிக்கிறானே இவன் ஒரு வாளி. ஊர்ல ஒரு வீடு பாக்கியில்ல. உன் மிசோ அழுகிப் போச்சு, தெரியுமா? மழைக்காலத்துல கூரை ஒழுகி நேரா பீப்பாய்க்குள்ள இறங்கிடுச்சு. நாத்தம் தெருவரைக்கும் வந்துச்சு. உள்ள போய்ப் பாக்கலாம்னா சாவி எங்க? நீ மட்சுமோட்டோவுல கழுத்துல மாட்டிக்கிட்டு படுத்திருந்த! உன் பொண்டாட்டி வீடு வீடா வந்து வாசல்ல நின்னா. அவர் வந்து பாக்கும்போது பீப்பாய் காலியா இருக்கக் கூடாது, அழுகிப்போச்சுன்னு அவருக்குத் தெரியக் கூடாதுன்னு தலையக் குனிஞ்சு கேட்டா. இவளப் போய் வாய் கூசாம பேசறியே!”

தொகுஜி நின்றபடியே இருந்தார். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த சாற்றில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. இனிப்பு, அது யாசுஹெய். அதற்குப் பின்னால் சுள்ளென்று ஒரு உப்பு, அது தோமெ. இன்னும் கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கருகல். ஒவ்வொரு வீடாகத் தெரிந்தது. இத்தனை நாள் தேடியது யாசுஹெய்யை மட்டும், அதனால் கிடைத்ததும் யாசுஹெய் மட்டும்.

“அப்ப இதுக்கு என்னதான்யா பேரு?” என்றார் கடைசியில்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு முற்றமே வெடித்துச் சிரித்தது. “பூட்டுக்காரர் மிசோ” என்றாள் தோமெ. “மிசோவ அழுக விட்டுட்டு மனுஷன் துப்பறிய வந்துட்டார்” என்றான் ஒருவன். “நாக்காம் நாக்கு, என் வீட்டு மிசோவ இத்தன நாளா தின்னுட்டு கண்டுபிடிக்கத் துப்பில்ல” என்றான் இன்னொருவன். திட்டு மழை கொட்டியது. தொகுஜிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. யாசுஹெய்க்கு முன்னால் போய் இடுப்பு வரை குனிந்தார். “மன்னிச்சுடு” என்றார். யாசுஹெய் அவர் தோளைத் தொட்டு நிமிர்த்தி, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கிகுனோ மிச்சச் சாற்றைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். தொகுஜிக்கு மூச்சு வாங்கியது. நின்று நின்றுதான் நடந்தார். நல்ல பெண்டாட்டி, நல்ல ஊர், நான்தான் மடையன் என்று சந்தோஷமாகத் தன்னைத் திட்டிக்கொண்டே வந்தவர், வாய்க்கால் திருப்பத்தில் நின்றுவிட்டார்.

கிகுனோ ஏன் போய்க் கேட்டாள்?

இந்த நம்பிக்கையெல்லாம் அவளுக்குக் கிடையாதே. பிறந்த வீட்டு மிசோவைச் சிரித்துக்கொண்டே எருக்குழியில் கொட்டினவள். ஒரு கைப்பிடி உப்பைக்கூட இரவல் கேட்டு எவர் வாசலிலும் நின்றதில்லை. இவள் வீடு வீடாகப் போய்த் தலை குனிந்திருக்கிறாள் என்றால், அவளையே பயமுறுத்துகிற மாதிரி யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். புண்ணுக்கா ஊரே வாளி வாளியாக மிசோ கொடுக்கும்? புண்ணுக்கா யாசுஹெய் ஷோகியில் தோற்பார்? குட்டு வெளிப்பட்ட பிறகும் ஏதோ சொல்ல வந்து ஏன் சொல்லாமல் திரும்பினார்? தான் தூங்கும்போது பெரிய டாக்டர் கிகுனோவை மட்டும் கூப்பிட்டுப் பேசியது நாக்கைப் பற்றியா? உயிரைக் குடிக்கிற வியாதியை நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை, வீட்டாரிடம்தான் சொல்வார்கள். அவருக்குத் தெரியாதா என்ன, தன் அப்பாவுக்கு அவரே இப்படிப் பொய் சொல்லியிருக்கிறார்.

முன்னால் போனவள் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க, முடியலையா?”

“ஒண்ணுமில்ல, வர்றேன்.”

வீட்டில் அவள் அடுப்பை மூட்டிச் சாற்றைச் சூடுபண்ணினாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றுத் தண்ணீரும் குளிரும் பட்டு வெடித்திருந்த கை.

“கிகுனோ, டாக்டர் புண்ணுன்னுதானே சொன்னார்?”

“ஆமாங்க” என்றாள் பட்டென்று. “புண்ணுதான். அதான் அறுத்து எடுத்தாச்சே. இனிமே ஒண்ணுமில்லன்னு சொன்னார்.”

குரல் இறுக்கமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு அவள் அடுத்த கேள்விக்காக நின்றாள். எந்த டாக்டர், எப்போது, நான் எங்கே இருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள் என்று அவள் நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது. எத்தனை நாளாக ஒத்திகை பார்த்தாளோ, தனியாக. தொகுஜி அவள் முகத்தைப் பார்த்தார். கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடுவாள்.

“சரி” என்றார். “நீ சொன்னா சரிதான்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. கிகுனோ அவரைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். தொகுஜி ஏன் என்று கேட்கவில்லை.